புயல் நேரத்தில் கப்பல்களை ஏன் துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்புகிறார்கள்?

சென்னை துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாயிற்று, உள்ளே நின்ற கப்பல்கள் ஆழ்கடலுக்கு அனுப்பப்பட்டன என்று டிவியில் ஓடிய செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். துறைமுகம் என்றாலே கப்பல் ஒதுங்குகிற இடம்தானே, மழைக்கு வீட்டுக்குள் வருகிறவனைப் பிடித்து வெளியே தள்ளுகிற மாதிரி இது என்ன நியாயம், அந்தக் கப்பலில் இருக்கிறவர்கள் மனிதர்கள் இல்லையா என்பது உங்கள் கேள்வி. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் உங்கள் மாமாவும் இப்படித்தான் செய்யவேண்டுமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டபடி, நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு. புயலில் துறைமுகம் பாதுகாப்பான இடமா, இல்லையா? வெளியே அனுப்புகிற முடிவு கப்பலில் இருக்கிறவர்களைக் காப்பாற்றவா, துறைமுகத்தின் சொத்தைக் காப்பாற்றவா? வணிகக் கப்பல்களில் டெக் அதிகாரியாகச் சேர்ந்து கேப்டனாக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். துறைமுகம் கட்டும் பொறியாளர் அல்ல நான், அதனால் அலைத்தடுப்புச் சுவர்களின் கணக்குக்குள் அதிகம் போகமாட்டேன்.

நேரடியான பதில் இதுதான். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிற பெரிய கப்பலாக இருந்து, புயல் நெருங்குவதற்கு வெகு முன்பே கிளம்ப நேரமும் இருந்தால், சென்னை மாதிரி திறந்த கரையில் கட்டிய துறைமுகத்துக்குள் நிற்பதைவிட வெளியே போவதுதான் பாதுகாப்பு. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் பெரிய கப்பல், நல்ல எஞ்சின், போதுமான நேரம் என்று மூன்று நிபந்தனை சொன்னேனே, அதில் ஒன்று குறைந்தாலும் பதில் ஆட்டம் காண ஆரம்பித்துவிடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், உள்ளே நின்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். கடலில் பயணம் போகத்தான் கப்பலைக் கட்டுகிறார்கள். பத்து மீட்டர் அலையில் ஏறி இறங்குவது அதற்கு வேதனையான வேலைதான், ஆனால் அதற்கென்றே செய்த உடம்பு அது. கான்கிரீட் சுவரில் மணிக்கணக்கில் மோதுவதற்குச் செய்த உடம்பு அல்ல. 300 மீட்டர் நீளமுள்ள ஒரு கன்டெய்னர் கப்பல் பெர்த்தில், அதாவது கப்பலைக் கட்டி நிறுத்தும் மேடையில் நிற்கிறது, தண்ணீருக்கு மேலே அடுக்கிய பெட்டிகளையும் சேர்த்து 30 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 9000 சதுர மீட்டர் பாய்மரம் விரித்து வைத்திருக்கிறோம், சுருட்ட வழியில்லாத பாய்மரம். மணிக்கு 90 கி.மீ. காற்று பக்கவாட்டில் அடித்தால் அதன் மேல் விழும் விசை ஏறக்குறைய 350 டன். துறைமுகத்தில் கப்பல்களை நகர்த்தும் நல்ல டக் ஒன்று 50, 60 டன் இழுக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போது எத்தனை டக் இருந்தும் பயனில்லை என்று தெரியும். தவிர அந்த நேரத்தில் டக் ஓட்டுகிறவர்களும் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார்கள், துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டால் கப்பலில் ஏறவும் முடியாது.

காற்றைக்கூடச் சமாளித்துவிடலாம், அதைவிட மோசமானது அலை உள்ளே வருவது. அலைத்தடுப்புச் சுவர் நாம் கண்ணால் பார்க்கிற நுரைக்கும் அலையை நிறுத்திவிடும். ஆனால் தூரத்துப் புயலிலிருந்து வரும் நீண்ட அலைகள் இருக்கின்றனவே, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நிமிடம் வரைகூட எடுத்துக்கொள்பவை, அவை துறைமுக வாயில் வழியாக நுழைந்து உள்ளே இருக்கிற தண்ணீர் முழுவதையும் தொட்டித் தண்ணீர் மாதிரி ஆட்டும். மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும். கப்பல் மட்டும் முன்னால் நாலு மீட்டர், பின்னால் நாலு மீட்டர் என்று மெல்ல நடக்க ஆரம்பிக்கும். கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் இப்படி நின்ற இரவு நன்றாக நினைவிருக்கிறது. நைலான் ரோப் விறைக்க விறைக்க அதற்குள் இருந்த தண்ணீர் பிழிந்து சொட்டும், தொடை அளவுக்கு இருந்த ரோப் கண் முன்னே மெலியும், அப்புறம் ரோப்பை மாட்டியிருக்கும் இரும்புக் குற்றியான பொல்லார்டில் உரசி ஒரு முனகல் வரும். அந்த முனகல் கேட்டதும் டெக்கில் இருக்கிறவர்கள் எல்லாம் ரோப்பின் நேர்கோட்டை விட்டு விலகிவிட வேண்டும், ஏனென்றால் அறுந்த ரோப் திரும்பி வரும் வேகத்தில் ஆளை இரண்டாக்கிவிடும். ஒன்று அறுந்தால் அதன் பாரம் பக்கத்து ரோப்பின் மேல் விழும், அதுவும் போகும். எல்லாம் அறுந்த பிறகு அந்தக் கப்பல் துறைமுகத்துக்குள் ஓட்டுநர் இல்லாத ஐம்பதாயிரம் டன் இரும்பு. பக்கத்துக் கப்பல், எதிர் பெர்த், கிரேன், எதில் வேண்டுமானாலும் போய் விழும்.

ஆகவே துறைமுகம் தன் சொத்தை நினைத்து அனுப்புகிறதா என்றால், ஆமாம், அதுவும் உண்மைதான். ஒரு கப்பல் வாயிலில் மூழ்கினால் துறைமுகமே மாதக்கணக்கில் அடைபட்டுப் போகும், நிவாரணப் பொருள் கொண்டுவரும் கப்பல்கூட உள்ளே வர முடியாது. ஆனால் இந்த இடத்தில் கப்பலின் நலனும் துறைமுகத்தின் நலனும் ஒரே பக்கம் இருக்கின்றன. துறைமுகம் சொல்வதற்கு முன்பே வெளியே போக அனுமதி கேட்கிற கேப்டன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த யோசனையும் இல்லை. சென்னையின் வரலாறே இதுதான். 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் வாங்கியபோது துறைமுகம் என்று எதுவும் கிடையாது, வெறும் மணல் கரை. கப்பல்கள் ஒன்றிரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது, மணலில் மோதும்போது உடையாமல் வளைந்துகொடுக்கும். இருநூறு வருடத்துக்கும் மேலாக ஒரு பெரிய வணிக நகரம் இப்படியே ஓடியது என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்புதான். அந்தக் காலத்தில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்தக் கரையில் நிற்பதே ஆபத்து என்று கணக்கு. அக்டோபர் 15 வாக்கில் கோட்டைக் கொடிமரத்தில் கொடியை இறக்கினால் டிசம்பர் 15 வரை ஏற்றமாட்டார்கள், அந்த இரண்டு மாதமும் இங்கே நிற்கிற கப்பல் தன் சொந்தப் பொறுப்பில் நிற்கிறது என்று பொருள். கடற்படைக் கப்பல்கள் பம்பாய்க்குப் போய்விடும்.

போகாதவர்கள் பட்ட பாடு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தார். கொள்ளையை ஏற்றிக்கொண்டு சீக்கிரம் கிளம்பியிருக்க வேண்டியவர், பேச்சுவார்த்தையிலும் சண்டை சச்சரவிலும் அக்டோபர் நடுவரை நின்றுவிட்டார். ஒரே இரவில் புயல் அவர் கப்பல் படையின் முதுகெலும்பை ஒடித்துவிட்டது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

அதைவிட இந்தக் கேள்விக்குப் பொருத்தமானது புதுச்சேரியில் நடந்தது. 1761 ஜனவரி 1. ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைத் தரையிலும் கடலிலும் முற்றுகையிட்டிருந்தார்கள், கப்பல்கள் ஊருக்கு எதிரே நங்கூரத்தில் நின்றன. காற்று ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த தளபதி ஸ்டீவன்ஸ் தன் கப்பலான நார்ஃபோக்கின் நங்கூர வடத்தை வெட்டிவிட்டுக் கடலுக்குள் ஓடினார், மற்றவர்களும் அப்படியே செய்யவேண்டும் என்று பீரங்கி சுட்டுச் சைகை காட்டினார். காற்றின் இரைச்சலில் பீரங்கிச் சத்தம் கேட்கவில்லை, பறக்கும் நீர்த்திவலையில் விளக்கும் தெரியவில்லை. தளபதியின் உத்தரவு இல்லாமல் இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது கட்டுப்பாடு, அதனால் மற்றக் கப்பல்கள் நங்கூரத்திலேயே நின்றன. மூன்று கப்பல்கள் கிட்டத்தட்ட எல்லாரோடும் மூழ்கின, சுமார் 1100 பேர். இன்னும் மூன்று கரையில் ஏறி உடைந்தன, அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். சில கப்பல்கள் பாய்மரத் தண்டுகளை வெட்டிக் கடலில் தள்ளிக் காற்றுக்குப் பிடிமானம் இல்லாமல் செய்து பிழைத்தன. முதலிலேயே ஓடிய நார்ஃபோக் சில நாளில் திரும்பி வந்தது. அதே மாதத்தில் புதுச்சேரியும் விழுந்தது. கட்டளைக்குக் காத்திருந்து செத்த அந்த மாலுமிகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனது கனக்கும்.

சரி, அப்போது துறைமுகம் இல்லை, இப்போதுதான் இருக்கிறதே என்பீர்கள். கட்டினார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கை நீட்டின மாதிரி சுவர் எழுப்பி, கிழக்கே பார்த்து ஒரு வாயில் விட்டார்கள். வேலை முடிகிற கட்டத்தில் 1881 நவம்பர் 12 அன்று வந்த புயல் சுவர்களைப் பெருமளவு பெயர்த்துப் போட்டது. திரும்பக் கட்டி முடிக்கவே அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு ஆகிவிட்டது. அப்போதும் கிழக்கு வாயில் நேராகக் கடலைப் பார்த்தபடி இருந்ததால் அலையும் மணலும் தடையில்லாமல் உள்ளே வந்தன. 1904ல் துறைமுகத்தின் பொறுப்பேற்ற பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் அந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்து, அதற்கு மறைப்பாகச் சுவரையும் நீட்டினார்கள். அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சென்னை துறைமுகத்தின் பாதுகாப்பு முழுக்க மனிதன் போட்ட கல்லில் இருக்கிறது, பின்னால் மலையோ வளைகுடாவோ இல்லை. (தெற்கேயிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததால் கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் போடவேண்டி வந்தது. அது தனிக் கதை, வடசென்னைக்காரர்களுக்கு வலிக்கிற கதை.)

சுவர் கட்டிய துறைமுகம் கப்பலைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை ரோமானியர்களுக்கும் இருந்தது. ரோமுக்கு அருகே பேரரசர் கிளாடியஸ் கட்டிய போர்ட்டஸ் துறைமுகம் மிகப் பெரியது, விரிந்தது. கி.பி. 62ல் அடித்த புயலில் அந்தத் துறைமுகத்துக்கு உள்ளேயே கிட்டத்தட்ட 200 கப்பல்கள் அழிந்ததாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். பரந்த நீர்ப்பரப்பு என்றால் காற்றுக்கு உள்ளேயே அலை எழுப்ப இடம் கிடைத்துவிடுகிறது. பிறகு வந்த பேரரசர் டிராஜன் அதற்குப் பின்னால் நிலத்தைத் தோண்டி அறுகோண வடிவத்தில் உள்துறைமுகம் ஒன்றை அமைத்தார், அது இன்றும் ஏரியாக இருக்கிறது.

நீராவி எஞ்சின் வந்த பிறகு நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். எங்கள் பயிற்சியில் தவறாமல் வருகிற உதாரணம் இது. 1889 மார்ச், பசிபிக்கில் சமோவாவின் அப்பியா துறைமுகம். அமெரிக்கப் போர்க்கப்பல் மூன்று, ஜெர்மன் போர்க்கப்பல் மூன்று, பிரிட்டிஷ் கப்பல் கலியோப் ஒன்று. தீவு யாருக்கு என்ற தகராறு நடந்துகொண்டிருந்ததால் நீ முதலில் போ, நான் முதலில் போகமாட்டேன் என்று எல்லாரும் நின்றார்கள். பாரமானி இறங்கிக்கொண்டே போயும் நின்றார்கள். புயல் வந்தபோது கலியோப் மட்டும் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிக் குறுகிய வாயில் வழியாக வெளியே போகப் பார்த்தது. அமைதியான கடலில் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) போகிற கப்பல் அன்று ஒரு நாட்கூடப் போகவில்லை, அங்குலம் அங்குலமாக நகர்ந்து கடலுக்குள் போய்ப் பிழைத்தது. நிலைகுலைந்து நின்ற அமெரிக்கக் கப்பலின் மாலுமிகள், தங்களைத் தாண்டிப் போன கலியோப்பைப் பார்த்து ஆரவாரம் செய்து வாழ்த்தியிருக்கிறார்கள். மற்ற 6 கப்பல்களும் பவளப்பாறையிலோ கரையிலோ போய் விழுந்தன, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

வெளியே போன கப்பல் என்ன செய்யும்? புயலுக்குள் போய் வீரம் காட்டாது, புயலின் வழியிலிருந்து விலகும். வங்காள விரிகுடாவில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும், அதே நேரம் மொத்தமாக மேற்கிலோ வடமேற்கிலோ நகரும். அது போகிற திசையைப் பார்த்து நின்றால் வலது பாதியில் சுழற்சியின் வேகமும் நகர்வின் வேகமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பக்கம் மாட்டினால் காற்று கப்பலைப் புயலின் பாதைக்கு முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். இடது பாதி கொஞ்சம் தாங்கும். சாட்டிலைட் இல்லாத காலத்திலேயே இதைக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் புயலின் மையம் உங்கள் வலது கைப்பக்கம், சற்றுப் பின்தள்ளி இருக்கும். காற்றின் திசை கடிகார முள் போகிற பக்கமாக மாறிக்கொண்டே வந்தால் ஆபத்தான பாதியில் இருக்கிறீர்கள், எதிர்ப்பக்கமாக மாறினால் இடது பாதியில். திசை மாறாமல் பாரமானி மட்டும் இறங்கினால் புயல் நேராக உங்களை நோக்கி வருகிறது.

நீங்கள் பார்த்த கூண்டு எண்ணும் இதோடு சேர்ந்ததுதான். பலர் 5ஐவிட 6 பெரிய ஆபத்து, 6ஐவிட 7 பெரிய ஆபத்து என்று நினைக்கிறார்கள், செய்தி வாசிக்கிறவர்கள்கூட அப்படித்தான் வாசிக்கிறார்கள். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைத்தான் சொல்கின்றன. புயல் போகும் பாதைக்கு இடப்பக்கத்தில் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கத்தில் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. அதே வரிசை இன்னும் கடுமையான புயலுக்கு 8, 9, 10. தகவல் தொடர்பே அறுந்துவிட்டால் 11. பகலில் கூம்பும் உருளையுமாக ஏற்றுவார்கள், இரவில் விளக்கு. புயல் கடலூர் பக்கம் கரையைக் கடந்தால் சென்னை வலப்பக்கம், காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கடல்நீரையும் கூட்டிக்கொண்டு வரும். நெல்லூர் பக்கம் போனால் சென்னை இடப்பக்கம், காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து அடிக்கும். கப்பலில் இருக்கிறவனுக்கு இரண்டும் வேறு வேறு உலகம்.

இனி உறுதியில்லாத பக்கம். வெளியே போனால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே அமெரிக்கக் கடற்படையே ஒரு சூறாவளிக்குள் மாட்டி 3 நாசகாரிக் கப்பல்கள் கவிழ்ந்தன, சுமார் 790 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றில் எரிபொருள் ஏறக்குறைய தீர்ந்திருந்தது, அடித்தொட்டிகளில் பாலாஸ்ட் தண்ணீரும், அதாவது கப்பலைத் தாழ்த்தி நிலையாக வைக்க ஏற்றும் தண்ணீரும், போதுமான அளவு இல்லை. 2015 அக்டோபர் 1 அன்று எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் பஹாமாஸ் அருகே சூறாவளிக்குப் பக்கத்தில் போய், எஞ்சின் நின்று, 33 பேரோடும் மூழ்கியது. கேப்டன் நம்பிய வானிலைத் தகவல் பல மணி நேரம் பழையது என்று விசாரணையில் தெரிந்தது. பாதைக் கணிப்பு எப்போதும் ஒரு பக்கம் கூடக் குறைய இருக்கும், நம் ஊர்ப் புயல்கள் கடைசி நாளில் திரும்புவதும் நிற்பதும் உண்டு. அதனால்தான் ஒரு நாள், இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பச் சொல்கிறார்கள். தாமதமாகக் கிளம்புவது உள்ளே நிற்பதைவிட மோசம். எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிற கப்பலை வெளியே தள்ளுவதும் கொலைதான். அப்படிப்பட்டவற்றை உள்ளேயே ரோப்பை இரட்டிப்பாக்கி, பாலாஸ்ட் ஏற்றித் தாழ்த்திக் கட்டிவைப்பார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான இடம் ஒன்று உண்டு. துறைமுகத்துக்கு வெளியேயும் வந்து, ஆழ்கடலுக்கும் போகாமல் கரைக்குப் பக்கத்தில் நங்கூரத்தில் நிற்பது. 2012 அக்டோபர் 31 நினைவிருக்கிறதா? நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சென்னை அதன் பாதைக்கு வலப்பக்கம், காற்று கரையைப் பார்த்து. வெளியே நங்கூரத்தில் நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பலை அந்தக் காற்று நங்கூரத்தோடு இழுத்துக்கொண்டு வந்து பெசன்ட் நகர் கரையில் ஏற்றிவிட்டது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. ஆனால் உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள், கப்பலோ பெரிய சேதமில்லாமல் சில நாளில் மீட்கப்பட்டது. இறந்தவர்கள் இளைஞர்கள். 1966 நவம்பர்ப் புயலில் மெரினாவில் தரைதட்டிய ஸ்டமாட்டிஸ் கப்பலைப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

உண்மையிலேயே ஒதுங்கக்கூடிய துறைமுகங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன, குறைவு. திரிகோணமலை அப்படி ஒன்று. நிலம் சுற்றி வளைத்த, ஆழமான, வாயில் குறுகிய இயற்கைத் துறைமுகம். 1782ல் ஜனவரியில் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்ததும், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் அதைப் பிடுங்கியதும், 1795ல் மறுபடி ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டதும் இதற்காகத்தான். பருவமழையில் இந்தப் பக்கக் கடலில் படையை நிறுத்த வேறு இடம் கிடையாது. விசாகப்பட்டினத்தின் உள்துறைமுகமும் டால்பின் மூக்கு மலையின் மறைவில் இருப்பதால் ஓரளவு நல்லது. ஆற்றுத் துறைமுகம் பாதுகாப்பு என்று நினைப்பதில்தான் பெரிய ஏமாற்றம். 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுக்குள் கடல் ஏறி, கட்டியிருந்த கப்பல்களை அறுத்து ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்தது, பல்லாயிரம் பேர் செத்தார்கள். அந்த அழிவுக்குப் பிறகுதான் கல்கத்தாவில் துறைமுகப் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. அதற்கும் முன்பே, கல்கத்தாவில் இருந்து புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன், மாத்லா ஆற்றில் கானிங் துறைமுகம் கட்டத் திட்டமிட்டபோது, ஒரு நாள் கடல் ஏறி வந்து இதை அழிக்கும் என்று 1853ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதினார். யாரும் கேட்கவில்லை, கட்டினார்கள். 1867 நவம்பரில் அப்படியே நடந்தது. சில வருடத்தில் துறைமுகத்தைக் கைவிட்டார்கள். பிடிங்டன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கடைசியாக உங்கள் மாமா விஷயம். இதுவரை சொன்னது எதுவும் அவருக்குப் பொருந்தாது, தயவுசெய்து படகை வெளியே எடுக்கச் சொல்லாதீர்கள். புயலை முந்திக்கொண்டு ஓடுகிற வேகம் விசைப்படகுக்கு இல்லை, பெரிய அலை ஒன்று டெக்கில் விழுந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் குமரி மாவட்டத்து மீனவர்கள் கடலில் இருந்ததால்தான் அத்தனை குடும்பங்கள் ஆளை இழந்தன. படகைப் பொறுத்தவரை பதில் கரைதான், எச்சரிக்கை வந்தவுடன் கரை. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துக்காரர்கள் வாடைக் காலத்தில் வடகடலை விட்டுத் தென்கடல் பக்கம் படகை மாற்றிக்கொள்கிறார்கள், அந்தத் தீவின் அமைப்பு அதற்கு இடம் கொடுக்கிறது. காசிமேட்டில் அந்த வசதி கிடையாது. ஃபைபர் படகென்றால் இழுத்துக் கரையில் உயரமாக ஏற்றிவிடலாம். விசைப்படகை ஏற்ற முடியாது, துறைமுகத்துக்குள்தான் கட்டவேண்டும். அங்கே படகுகள் உடைவது பெரும்பாலும் ஒன்றோடொன்று இடித்துத்தான், 2018ல் கஜா புயலுக்குப் பிறகு நாகை பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் டயர் நிறையத் தொங்கவிடச் சொல்லுங்கள், முடிந்தால் வாயிலுக்கு நேரே இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டச் சொல்லுங்கள். கயிற்றைப் பத்திரம் என்று நினைத்துக் குட்டையாக இறுக்கிக் கட்டுவது வழக்கமாகச் செய்யும் தப்பு. புயல் கரையைக் கடக்கும்போது தண்ணீர் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ ஏறும், குட்டைக் கயிறு ஒன்று அறுந்துவிடும், அல்லது படகின் மூக்கைப் பிடித்துக் கீழே இழுக்கும். முன்னும் பின்னும் நீளமாக, படகு ஏறி இறங்க இடம் விட்டுக் கட்டவேண்டும், உரசுகிற இடத்தில் பழைய சாக்கோ ரப்பரோ சுற்றவேண்டும். டீசலும் பேட்டரியும் வலையும் முதல் நாளே கரைக்கு வந்துவிட்டால் நல்லது. காற்று ஏறின பிறகு படகைப் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் அதற்குள் படுத்திருக்க வேண்டாம். கயிறு கட்டும் விவரத்தில் என்னைவிட அவர் பக்கத்தில் இருக்கிற மூத்த டிரைவர்கள் சொல்வதைக் கேட்பதே சரி, அந்தத் துறைமுகத்துக்குள் எந்த மூலையில் தண்ணீர் எப்படி ஆடும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.